பன்னிரண்டு பேர், ஒரு ஷவர்: முகாமுக்கு நாங்களே செய்துகொண்ட குளியல் அமைப்பு

குழாயும் மின்சாரமும் இல்லாத இடத்தில் பன்னிரண்டு பேர் கூடாரம் போட்டுச் சில இரவுகள் தங்க வேண்டும். அவர்களில் சிலர் பத்து வயது நிரம்பாத குழந்தைகள். முழங்கால் வலியால் குனிய முடியாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். இடுப்புவரை கூந்தல் உள்ளவர்கள் இருவர். ஓடை இருக்கிறது, ஆனால் அதில் இறங்கிச் சோப்புப் போட்டுக் குளிப்பதில்லை என்பதில் குழு முழுக்க ஒரே எண்ணம். பகலெல்லாம் நடந்து புழுதியும் வியர்வையுமாகத் திரும்புகிறவர்கள் இருட்டுவதற்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிட வேண்டும். அதற்காக நாங்கள் ஒரு ஷவர் செய்தோம். எந்தெந்த வழிகளை யோசித்தோம், எதை ஏன் தள்ளினோம், கடைசியில் எது நின்றது, பயன்படுத்தும்போது என்ன தெரிந்தது என்பதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒருவர் மட்டும் குளிக்கும் ஷவரில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது பெரிய விஷயம். குழுவுக்கு அது கடைசிக் கவலைதான். யாருக்கு எவ்வளவு தண்ணீர், அது என்ன சூட்டில், அடுத்தவர் எப்போது உள்ளே போகலாம், விழுந்த தண்ணீர் எங்கே போகும் என்பவைதான் உண்மையான கேள்விகள். எங்கள் அமைப்பில் தேறிய எல்லாமே ஒரே முடிவிலிருந்து வந்தவை: பொதுத் தொட்டி வேண்டாம், ஆளுக்கு ஒரு வாளி.

தண்ணீர்க் கணக்கு

வீட்டுப் பழக்கத்தை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தால் முகாமில் குளிக்கவே முடியாது. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், 1994 முதல் தயாராகும் ஷவர் தலைகளுக்கு நிமிடத்துக்கு 2.5 காலன், அதாவது சுமார் 9.5 லிட்டர் என்று உச்ச வரம்பு வைத்தது. தண்ணீரைச் சிக்கனப்படுத்த வந்த அந்த வரம்பிலேயே ஐந்து நிமிடம் நின்றால் 47 லிட்டருக்கு மேல் செலவாகிறது. பன்னிரண்டு பேருக்கு 570 லிட்டர். எடையில் அரை டன்னுக்கும் மேல், யார் சுமப்பது?

நன்னீர் அரிதாகக் கிடைக்கும் கப்பல்களில் கடற்படையினர் பின்பற்றும் முறை இதற்குச் சரியான விடை. உடம்பை நனைத்ததும் தண்ணீரை அடைத்துவிட வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்த்து முடித்த பிறகுதான் மீண்டும் திறக்க வேண்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் வரும் ஷவரில் இப்படிக் குளித்தால் நனைய ஒரு நிமிடத்துக்குக் குறைவு, அலச இரண்டு நிமிடத்துக்குக் குறைவு. மொத்தம் 8 லிட்டர் போதும். பன்னிரண்டு பேருக்கு 96 லிட்டர். இது சுமக்கக் கூடிய அளவு.

ஆக, திறந்து மூடும் வால்வு எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த அமைப்பின் உயிர். தொட்டியின் அடியிலோ, குளிக்கும் இடத்தைச் சுற்றிய துணித் தடுப்புக்கு வெளியிலோ வால்வு இருந்தால், கண்ணில் சோப்பு நுரையுடன் நிற்பவர் அதைத் தேடி அடைக்கமாட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நெஞ்சு உயரத்தில், கண்ணை மூடிக்கொண்டே தொட்டு மூடக் கூடிய இடத்தில் இருந்தால் சொல்லாமலேயே அடைப்பார்கள். திருகும் பிடியைவிடக் கால்வட்டம் திருப்பினால் மூடிவிடும் நெம்புகோல் வைத்த பால் வால்வுதான் (உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பி வழியை அடைப்பது) சோப்புக் கைக்கு ஏற்றது.

தொங்கவிடலாமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, 20 லிட்டர் கேன் ஒன்றை மரக்கிளையில் தொங்கவிட்டு, அடியில் குழாயும் பூவாளித் தலையும் மாட்டுவது. பம்பு வேண்டாம், பேட்டரி வேண்டாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை. நாங்களும் அதில்தான் தொடங்கினோம்.

இதில் வேலை செய்வது நீர்மட்டத்தின் உயரம் மட்டும்தான். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். கேனில் உள்ள நீர்மட்டம் ஷவர் தலையைவிட அரை மீட்டர் மேலே இருந்தால் 0.05 பார். வீட்டுக் குழாய்களில் சாதாரணமாக இதைவிடப் பல மடங்கு இருக்கும். அதற்காகச் செய்த ஷவர் தலையை இங்கே மாட்டினால் சொட்டுச் சொட்டாகத்தான் வடியும். அதனால் தலையை நாமே செய்வது நல்லது. ஒரு பிளாஸ்டிக் மூடியில் 1 மி.மீ. துளைகள் முப்பது போட்டால், அரை மீட்டர் உயரத்தில் கணக்குப்படி நிமிடத்துக்குச் சுமார் 2.7 லிட்டர் வரும். நீர்மட்டம் இறங்கிக் கால் மீட்டர் ஆனால் 1.9 லிட்டர். உயரம் பாதியானாலும் ஓட்டம் பாதியாவதில்லை; வர்க்கமூலத்தின் அளவில்தான் குறைகிறது என்பதால் கடைசிவரை குளிக்க முடிகிறது. இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. கேனின் மேல்மூடியில் காற்றுத் துளை வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி, தண்ணீர் குடகுடவென்று விக்கி நின்றுவிடும். அப்புறம், இறங்கும் குழாயின் உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அழுத்தமே இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில் மெல்லிய குழாயின் உராய்வு இருப்பதையும் தின்றுவிடும்.

இத்தனை சரியாக வந்தும் இதை முதல் வழியாக வைத்துக்கொள்ளவில்லை. 20 லிட்டர் என்றால் 20 கிலோ. அதைத் தலைக்கு மேல் இரண்டரை மீட்டர் உயரத்தில் கட்டி, அதன் கீழே குழந்தைகளை நிறுத்த வேண்டும். கயிறு, கொக்கி, கிளை, கேனின் கைப்பிடி என நான்கில் எது விட்டாலும் விபத்து. நல்ல கிளை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கயிறு மரப்பட்டையை அறுக்கிறது. ஒவ்வொரு முறையும் இறக்கி, நிரப்பி, ஏற்ற வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை பங்கீட்டில்தான். பொதுக் கேனில் இருந்து இரண்டு பேர் குளித்தபின் மூன்றாமவருக்கு எவ்வளவு மிச்சம் என்று உள்ளே நிற்பவருக்குத் தெரியாது. சோப்புப் போட்ட பிறகு தீர்ந்துபோனால் வெளியே இருப்பவரைக் கூப்பிட வேண்டும். முதலில் குளிப்பவருக்குச் சூடான தண்ணீர், கடைசி ஆளுக்கு ஆறிப்போனது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் மனக்கசப்பு வருகிறது. ஒரு பயணத்தில் ஒருவருக்குக் குளியல் கெட்டுப்போவது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த ஒருவர் ஒவ்வொரு நாளும் கடைசியாகச் சமையல் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறவராகவே இருக்கும்போது அது சின்ன விஷயம் இல்லை.

வண்டிக் கூரையில் கறுப்புக் குழாய்

அடுத்து, பலரும் விரும்பிச் செய்யும் ஒரு வடிவத்தைப் பரிசீலித்தோம். தடித்த பிவிசி குழாயைக் கறுப்பு வண்ணம் பூசி வண்டிக் கூரையில் நீளவாக்கில் பொருத்துவார்கள். வெயிலில் தண்ணீர் சூடாகும். குழாயின் முனையில் சைக்கிள் டியூப் வால்வு வைத்துக் காற்றடித்தால் நல்ல அழுத்தத்துடன் பீய்ச்சும். 10 செ.மீ. உள்விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் 15.7 லிட்டர் பிடிக்கும். எங்கள் கணக்கில் இருவர் குளிக்கலாம்.

காற்றடிக்கும் யோசனையை உடனே கைவிட்டோம். இதைச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, அதனால் தண்ணீர் மட்டும் நிரம்பிய குழாய் உடைந்தால் பெரும்பாலும் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும். காற்று அமுங்கி ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. காற்றழுத்தம் ஏற்றிய பிவிசி உடைந்தால் கூரிய சில்லுகளாகச் சிதறிப் பறக்கும். அதனால்தான் அழுத்தக் காற்றுக்குச் சாதாரண பிவிசி குழாயைப் பயன்படுத்தக் கூடாது என்று குழாய் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். வெயில் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. பிவிசி சூடேறச் சூடேறத் தாங்கும் அழுத்தம் குறையும். 43 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ பாதி, 60 டிகிரியில் கால்பங்குக்கும் கீழ். நாம் தண்ணீர் சூடாக வேண்டும் என்று கறுப்பு பூசி வெயிலில் வைக்கிறோம். எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு பலவீனமாகிறது. கழிவுநீருக்கான மெல்லிய குழாயாக இருந்தால் அது அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை. காற்றடிக்காமல், கூரை உயரத்தில் இருந்து தானாக இறங்கவிட்டால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அப்போது அது இன்னொரு தொங்கும் கேன்தான். வண்டியை முகாம் அருகே கொண்டுவரவும் வேண்டும்.

தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்புத் தெளிப்பான் இதைவிட எவ்வளவோ மேல். அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டது, அதிகமானால் தானாக வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு பெரும்பாலும் அதிலேயே இருக்கும், கைவிசையை விட்டால் தண்ணீர் நின்றுவிடும். புதிதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. ஒருமுறை பூச்சிமருந்து ஊற்றியதை எத்தனை முறை கழுவினாலும் உடம்புக்குப் பயன்படுத்தக் கூடாது. சிறு குழுவுக்கு இது போதும். பன்னிரண்டு பேருக்கு மூடியைத் திறந்து, நிரப்பி, மறுபடி பம்பு அடித்து என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

வாளியில் பம்பு

கடைசியில் தேர்ந்தெடுத்தது, தரையில் வைத்த வாளிக்குள் மூழ்கும் 12 வோல்ட் சிறு பம்பு. அதிலிருந்து இரண்டரை மீட்டர் ஹோஸ், முனையில் பால் வால்வு, அதன்மேல் கையில் பிடிக்கக் கூடிய ஷவர் தலை. உயரத்தில் தொங்குவது ஷவர் தலை மட்டும். விழுந்தால் யாருக்கும் அடிபடாது.

இதன் அழகு வாளியில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் வாளியைத் தானே விளாவிக்கொண்டு வருகிறார். உள்பக்கத்தில் 8 லிட்டர் கோடு போட்டிருக்கிறது. பம்பைத் தன் வாளிக்குள் இறக்குகிறார், குளிக்கிறார், பம்பை எடுத்து அடுத்தவருக்கு வைத்துவிட்டு வெளியேறுகிறார். எவ்வளவு மிச்சம் என்று குனிந்து பார்த்தாலே தெரியும். சூடு அவரவர் விருப்பம். ஒருவர் உள்ளே இருக்கும்போதே அடுத்தவர் தன் வாளியைத் தயார் செய்துவிடலாம். பேட்டரி தீர்ந்தாலும் பம்பு நின்றாலும் கவலையில்லை. வாளி கையில் இருக்கிறது, ஒரு குவளையால் மொண்டு ஊற்றிக் குளித்துவிடலாம். பழுதானால் முழுக்கக் கைவிடாத அமைப்பு என்பது ஊரைவிட்டு வெகுதூரம் போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி.

பம்பு 3 ஆம்பியர் இழுத்து, நிமிடத்துக்கு 3 லிட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 96 லிட்டருக்கு 32 நிமிடம், செலவு 1.6 ஆம்பியர் மணி. 7 ஆம்பியர் மணி உள்ள சிறிய ஈய அமில பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்கூட இரண்டு மாலை ஓடும். பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பது அந்த வகை பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. பம்பின் வாயில் மெல்லிய வலைத்துணியைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு சிறு இலைத்துண்டு போதும், சுழலியை நிறுத்திவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பெரும்பாலான சிறு பம்புகள் சூடாகிக் கெட்டுவிடும். அதனால் வாளியின் அடியில் இரண்டு விரல் தண்ணீர் இருக்கும்போதே நிறுத்தி, மிச்சத்தைக் குவளையால் ஊற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வால்வை மூடிச் சோப்புத் தேய்க்கும் ஒரு நிமிடம் பம்பு சும்மா சுழன்றுகொண்டிருக்கும்; சுழலி வகைப் பம்புக்கு அது பாதிப்பில்லை, நீண்ட நேரம் விடத்தான் கூடாது. பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட வேண்டும். பேட்டரி தடுப்புக்கு வெளியே, தரையிலிருந்து உயர்த்திய இடத்தில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் வழியாக வீட்டு மின்சாரத்தின் அளவுக்கு ஏற்றி எந்தப் பம்பையும் ஈரத்தில் ஓட்டக் கூடாது. 12 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்ததே நனைந்த உடம்புக்குப் பக்கத்தில் இருப்பதால்தான்.

ஷவர் தலையை மாட்ட இரண்டு கொக்கிகள்: ஒன்று நிற்பவருக்கு, ஒன்று உட்கார்ந்து குளிப்பவருக்கு. முழங்கால் வலி உள்ள பெரியவருக்கு ஓர் உறுதியான முக்காலி போட்டுக் கீழ்க் கொக்கியில் மாட்டிக் கொடுத்தோம். அவர் யார் உதவியும் இல்லாமல் குளித்தார். குழுவில் வயதானவர் இருந்தால் வேறு எந்த வசதியையும்விட இந்த இரண்டாவது கொக்கியை முதலில் வையுங்கள்.

அடுப்பா வெயிலா

வரிசையைத் தீர்மானிப்பது ஷவர் இல்லை, அடுப்பு. இது கணக்குப் போட்ட பிறகுதான் முழுமையாக விளங்கியது.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். 15 டிகிரியில் இருக்கும் ஓடைத் தண்ணீர் 8 லிட்டரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 840 கிலோஜூல். முகாம் அடுப்பு 2.5 கிலோவாட் என்று வைத்தாலும் வெட்டவெளியில் பாதிதான் பாத்திரத்துக்குள் போகும். அப்படியானால் ஒருவருடைய தண்ணீருக்குப் பதினோரு நிமிடம். குளியலுக்குத் தண்ணீர் ஓடுவதோ மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பன்னிரண்டு பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்பு எரிய வேண்டும். எரிவாயு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். அதே அடுப்பில்தான் இரவுச் சாப்பாடும் ஆக வேண்டும்.

இதற்கு வெயிலைத் துணைக்கு அழைத்தோம். கறுப்பு பூசிய கேன்களில் காலையிலேயே தண்ணீர் பிடித்து, காற்று படாத, வெயில் நேராக விழும் இடத்தில் படுக்க வைத்தோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் விழுகிறது. அகலமாகப் படுத்திருக்கும் கேன் அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும், காற்று கொஞ்சத்தைக் கொண்டுபோய்விடும், ஆனாலும் நல்ல வெயில் நாளில் மாலைக்குள் வெதுவெதுப்பு வந்துவிடும். கொதிக்கச் சூடாக வேண்டியதில்லை. 15 டிகிரித் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்தாலே அடுப்புக்கு மிஞ்சுவது பத்து டிகிரி வேலைதான். ஆளுக்குப் பதினோரு நிமிடம் நாலரை நிமிடமாகக் குறைகிறது. மூட்டம் போட்ட நாளில் இது கிடைக்காது. அந்த நாளில் குழந்தைகளுக்கும் பெரியவருக்கும் மட்டும் வெந்நீர் என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

விளாவும் அளவுக்கு ஓர் எளிய விதி: தண்ணீர் 15 டிகிரி என்றால் ஒரு பங்கு கொதிநீருக்கு ஏறக்குறைய இரண்டரைப் பங்கு பச்சைத் தண்ணீர், அதாவது 8 லிட்டர் வாளிக்குக் கொதிநீர் 2.3 லிட்டர். வெயிலில் 30 டிகிரி ஆனது என்றால் ஒரு பங்குக்கு ஆறு பங்கு. எப்போதும் குளிர்ந்ததை முதலில் ஊற்ற வேண்டும், கொதிநீரை அதன்மேல். மாற்றி ஊற்றினால் பிளாஸ்டிக் வாளி இளகும், பம்பு உள்ளே இருந்தால் அதுவும் கெடும், அவசரத்தில் யாராவது கையை விட்டால் வெந்துவிடும்.

கையை விட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு வெப்பமானியும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றுவரை இந்த விஷயத்துக்கு அடிப்படை: 44 டிகிரியில் தோல் வேக மணிக்கணக்கில் ஆகிறது, 60 டிகிரியில் ஐந்தே விநாடி. நடுவில் உள்ள சில டிகிரிகளில் நிலைமை அவ்வளவு வேகமாக மாறுகிறது. குழந்தைகளின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வேகும். 38 முதல் 40 டிகிரி எல்லோருக்கும் இதமானது. நாள் முழுதும் குளிரில் இருந்து விறைத்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எரிவாயுவில் ஓடும் கையடக்க வெந்நீர்க் கருவிகள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் மூடிய தடுப்புக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ ஒருபோதும் எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலை சுற்றும்போது வெளியே வரத் தெம்பு இருக்காது.

தடுப்பு, தரை, விளக்கு

நான்கு கம்பு, சுற்றிலும் அடர்நிறத் துணி, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டும் கயிறு. உள்ளளவு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் முழங்கை இடிக்கும், ஈரத்துணி உடம்பில் ஒட்டும், 1.2 மீட்டர் வைத்தால் வசதி. துணியின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்றோட்டம் இருக்கும், உள்ளே ஆள் இருப்பதும் வெளியே தெரியும். உடை மாற்றிக்கொள்ள ஒட்டினாற்போல் ஓர் உலர்ந்த மூலை கட்டாயம் வேண்டும். குளித்து முடித்தவர் நனைந்த உடையையே மாட்டிக்கொண்டு வெளியே வர நேர்ந்தால் வெந்நீருக்குச் செலவழித்த உழைப்பு அத்தனையும் வீண்.

இருட்டிய பிறகு குளிப்பவர்களுக்காக ஒன்று. விளக்கை உள்ளே பக்கவாட்டில் வைத்தால் குளிப்பவரின் நிழல் துணியில் விழுந்து வெளியே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தலைக்கு நேர் மேலே தொங்கவிட்டால் நிழல் தரையில் விழும். பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் உள்ள குழுவில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

விழுந்த தண்ணீர்

இந்த ஆய்வில் நான் அதிகம் அக்கறைப்படுவது இந்தப் பகுதியைப் பற்றித்தான்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுவது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். எங்கள் ஷவரின் தரை ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். அதில் 96 லிட்டர் என்றால் 60 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு கனமழை நாளின் தண்ணீர் ஒரு மாலை நேரத்தில் ஒரே இடத்தில், சோப்போடு விழுகிறது. மணற்பாங்கான நிலம் குடித்துவிடும். களிமண்ணாக இருந்தால் பாதி ஆட்கள் குளிப்பதற்குள் சேறு கணுக்கால்வரை வந்துவிடும். மரச்சட்டங்களைக் கோத்த தட்டியைக் கீழே போட்டால் காலுக்குச் சேறு படாது, ஆனால் தண்ணீர் போகும் வழி அதனால் மாறுவதில்லை. மொத்தத் தடுப்பையும் பாதி வழியில் வேறு இடத்துக்கு நகர்த்துவதுதான் நாங்கள் கண்ட தீர்வு. கம்புகளை ஆழமாக ஊன்றாமல் கயிற்றிலேயே நிற்கும்படி அமைத்ததால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்திவிடலாம். மறுநாள் மூன்றாவது இடம். எந்த ஓர் இடத்துக்கும் அது தாங்கக் கூடியதைவிட அதிகம் கொடுக்காமல் இருப்பதே நோக்கம்.

ஓடை, குளம், ஏரி எதுவாக இருந்தாலும் அதிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும். தடம் பதிக்காமல் முகாமிடச் சொல்லும் அமைப்புகள் 200 அடி என்று வைத்திருக்கும் அளவு இது. வளர்ந்தவர் நடையில் எழுபது எண்பது எட்டு வைத்தால் வந்துவிடும். நிலத்தின் சாய்வு நீர்நிலையை நோக்கி இருந்தால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். 'மக்கும் சோப்பு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஓடையிலேயே பயன்படுத்துவது சரியல்ல. அந்தச் சோப்பைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில்தான் நிறைய இருக்கின்றன. தண்ணீரில் கலந்தால் சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும், மீன்களின் செவுள்களைப் பாதிக்கும். மண் வழியாக மெல்ல வடிந்தால்தான் அதற்குத் தீங்கு குறைகிறது. சோப்பே குறைவாகப் பயன்படுத்துவது அதைவிட நல்லது. புழுதிக்கு வெறும் வெந்நீரும் ஒரு தேய்ப்புத் துணியும் பெரும்பாலும் போதும்.

எடுக்கும் தண்ணீர், வைக்கும் குழாய்

ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கேனில் பிடித்தோம்; மணல் துகள் ஷவர் துளைகளை அடைக்கும். குளிக்கும் தண்ணீர்க் கேன்களுக்குச் சிவப்பு நாடா, குடிநீர்க் கேன்களுக்கு எதுவும் இல்லை. இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. வெதுவெதுப்பான நன்னீர் நிலைகளில், மூக்கு வழியாக உள்ளே போனால் மூளையைத் தாக்கும் நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா இருக்கலாம். அது தாக்குவது மிக அரிது, தாக்கினால் பிழைப்பதும் மிக அரிது. வெப்பமான காலத்தில் தேங்கிய நீரை எடுக்க நேர்ந்தால் கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள், குழந்தைகளின் முகத்தில் நேராகப் பீய்ச்சாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு ஹோஸைச் சுருட்டிப் பையில் போட்டுவிடும் பழக்கம் ஆபத்தானது. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்களைக் கொத்தாகத் தாக்கிய நிமோனியாவில் இருந்துதான் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அடையாளம் காணப்பட்டது. வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் அது பெருகும், நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குப் போகும். ஈரமாகச் சுருட்டி மாதக்கணக்கில் கிடந்த ஹோஸும் ஷவர் தலையும் அதற்கு வசதியான இடம். தலையைக் கழற்றி, வால்வைத் திறந்து, ஹோஸின் இரு முனையும் தொங்க உலர்த்தி வைத்தால் போதும். அடுத்த பயணத்தில் முதலில் ஓடும் தண்ணீரை முகத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் தரையில் ஓடவிட வேண்டும்.

பயன்பாட்டில் தெரிந்தது

ஆளுக்கு ஒரு வாளி என்ற முடிவு எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. வரிசை ஒழுங்கை யாரும் மேற்பார்க்க வேண்டியிருக்கவில்லை. கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கும் ஒரே அளவு, ஒரே சூடு. குழந்தைகளை முதலில், வெயிலின் சூடு கேனில் இருக்கும்போதே அனுப்பினோம். அவர்கள் 8 லிட்டரில் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை.

மாற்ற வேண்டியிருந்தது அந்தச் சம அளவைத்தான். நீண்ட கூந்தலை அலச 8 லிட்டர் போதவே இல்லை. எல்லோருக்கும் ஒரே கோடு என்பது நியாயமாகத் தோன்றினாலும், தேவை ஒன்றாக இல்லாதபோது அது நியாயம் ஆகாது என்பது என் கருத்து. அதனால் 20 லிட்டர் பொதுக் கேன் ஒன்றைத் தனியாக வைத்து, தலைக்குக் குளிப்பவர்கள் அதிலிருந்து இன்னும் 4 லிட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தோம். குழந்தைகளின் வாளியில் மிஞ்சியதும் அந்தக் கேனுக்கே போனது. மாலை முடிவில் அதில் தண்ணீர் மீந்தே இருந்தது.

இதே அமைப்பைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதிரியாக எடுத்துப்போக வேண்டியவை: இரண்டு ஃபியூஸ், ஹோஸ் கிளாம்ப், ரப்பர் வாஷர், டெஃப்லான் டேப், முடிந்தால் இன்னொரு பம்பு. வாளி மூன்று இருந்தால் சுழற்சி தடைபடாது: ஒன்று உள்ளே, ஒன்று வரிசையில், ஒன்று அடுப்படியில். குழு நான்கு பேருக்குள் என்றால் பம்பும் பேட்டரியும் தேவையில்லை, புதிய தெளிப்பான் ஒன்றே போதும். இருபது பேரைத் தாண்டினால் இரண்டாவது ஷவரைவிட இரண்டாவது அடுப்பை முதலில் ஏற்பாடு செய்யுங்கள்.